வரையாமல் விட்ட நதி

சீனத்தின் செஜியாங் மாகாணத்தில், பசுமை போர்த்த மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓடுகிறது ஃபுச்சுன் ஆறு. 1347-ஆம் ஆண்டு, எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஹுவாங் கோங்வாங் என்னும் முதியவர், அந்த மலைகளில் தங்கியிருந்தபோது நீண்டதொரு தாளை விரித்து, புகைக்கரியும் பசையும் குழைத்த மையால் அவற்றை வரையத் தொடங்கினார். மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியும் பணி நிறைவடையவில்லை என்று 1350-இல் அந்தச் சுருளிலேயே எழுதிவைத்தார். பேருந்துச் சன்னலுக்கு வெளியே மலைத்தொடர் ஒன்று முழுதாய்க் கடந்து போகையிலும் தலை நிமிராத நாம், அந்தப் பொறுமையின் முன் சற்றே நிற்கலாம்.

சுருளை வலமிருந்து இடமாக, கைக்கெட்டும் அளவு விரித்து விரித்துப் பார்ப்பதே அந்நாட்டு வழக்கம். சரிவுகளின்மேல் மென்மையாய் நீளும் கோடுகளைப் பாருங்கள். சணல் நாரைப் பிரித்துப் போட்டாற்போன்ற கோடுகள் என்றே அங்குள்ள ஓவியர்கள் இவற்றைச் சொல்வார்கள். மண் மூடிய மலையில், ஊழி ஊழியாய்ப் பெய்த மழை தன் விரலால் கீறிய வரிகள் அவை. எந்தத் துளி எந்தப் பள்ளத்தில் இறங்கும், எந்தப் பள்ளம் எந்த ஓடையைச் சேரும், எந்த வேர் எந்த மண்ணைப் பிடித்து நிறுத்தும் என்ற பேரொழுங்கைப் படைத்தவன் எழுதிக்கொண்டே இருக்க, முதியவரின் தூரிகை அதைப் பணிவோடு படியெடுத்திருக்கிறது.

ஆற்றை மட்டும் அவர் பெரும்பாலும் வரையவே இல்லை! கரைகளைத் தீட்டிவிட்டு நடுவில் வெறுந்தாளை விட்டுவைத்தார். அங்கே நீர் நிறைந்து நிற்கிறது. பள்ளத்தாக்கைக் குடைந்தது, பனியாய் எழுந்து சிகரத்தை மறைப்பது, மழையாய்த் திரும்பி வேரை நனைப்பது எல்லாம் அந்த நீர்தான். அதற்கென்று மை அதிகம் தேவைப்படவில்லை.

இவ்வழகைத் தனதாக்கிக்கொள்ள நினைத்தவரும் உண்டு. 1650 வாக்கில், சுருளை வைத்திருந்த வூ ஹோங்யூ, சாகும் தறுவாயில் தன்னோடு கொண்டுபோக விரும்பி அதை நெருப்பிலிடச் சொன்னார். உறவினர் ஒருவர் பாய்ந்து மீட்டார். ஆனால் அது இரண்டாகிவிட்டது. அரை மீட்டர் அளவுள்ள துண்டு ஹாங்சோவிலும், 6 மீட்டருக்கும் மேல் நீளும் பகுதி தைபேயிலும் இருக்கின்றன. 2011-இல் தைபேயில் இரண்டையும் ஒருசேரக் காட்சிக்கு வைத்தார்கள். மலையையும் நதியையும் மறுமைக்கு எடுத்துச் செல்ல யாரால் ஆகும்? கண்ணால் கண்டு மகிழ நமக்கு அனுமதி இருக்கிறதே, அதுவே பெரும்பேறு.

ஆற்றுக்காக அவர் விட்டுவைத்த அந்த அகன்ற வெண்மையில் செம்படவர் ஒருவர் தூண்டிலோடு படகில் இருக்கிறார். அரிசியளவு உருவம், தேடித்தான் காண வேண்டும். ஓவியத்தில் என் கண் மீண்டும் மீண்டும் போய் நிற்பது அவரிடம்தான். மலை அவரைச் சிறுமைப்படுத்தவில்லை. தன் நீரையும் மீனையும் நிழலையும் கொடுத்து அவரை வைத்துக்கொண்டிருக்கிறது. அவரை அழித்துவிட்டுப் பார்த்தால், அந்த மலை எவ்வளவு பெரிதென்று நமக்குத் தெரியாமலே போய்விடும்.