கிளட்ச் மேல் எப்போதும் ஒரு விரல்!

மண் மேட்டின் மேல் ஏறிய மோட்டார் சைக்கிள், அப்படியே ஆகாயத்தில் பறக்கிறது! தரையில் இறங்கியதும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு அடுத்த மேட்டை நோக்கிப் பாய்கிறது. என்ஜின் போடும் சத்தம் காதைத் துளைக்கிறது.

இதற்கு "மோட்டோ கிராஸ்" பந்தயம் என்று பெயர். ரோடே இல்லாத இடத்தில் நடக்கும் பந்தயம் இது.

இந்தப் பந்தய வீரர்களின் இடது கையைக் கவனித்துப் பாருங்கள். மற்ற விரல்கள் கைப்பிடியைப் பற்றியிருக்கும். ஒரு விரல் மட்டும் கிளட்ச் லீவரின் மேலேயே இருக்கும்.

வளைவுகளில் வேகத்தைச் சரிசெய்ய அந்த விரல் உதவும். ஆனால் வண்டியில் இருப்பது டூ ஸ்ட்ரோக் என்ஜின் என்றால், வேறு ஒரு காரணமும் உண்டு. அது உயிர் பிழைக்கும் காரணம்.

டூ ஸ்ட்ரோக் என்ஜினில், ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் இறுகி நின்றுவிடுவது உண்டு. "என்ஜின் சீஸ் ஆகிவிட்டது" என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். பிஸ்டன் நின்றால் செயின் நிற்கும். செயின் நின்றால் பின் சக்கரம் நிற்கும். வேகமாகப் போகும் வண்டியில் பின் சக்கரம் திடீரென்று நின்றால் என்ன ஆகும்? ஓட்டுகிறவர் தூக்கி எறியப்படுவார்!

அந்த ஒரு நொடியில் கிளட்சைப் பிடித்துவிட்டால், சக்கரம் என்ஜினின் பிடியிலிருந்து விடுபட்டு உருளும். அவர் தப்பித்துக்கொள்வார்.

விரல் காப்பாற்றுவது இருக்கட்டும். பிஸ்டன் ஏன் இறுகுகிறது? இறுகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பெட்ரோலோடு போகும் எண்ணெய்

லாம்பிரெட்டா, வெஸ்பா ஸ்கூட்டர் வைத்திருந்த வீடுகளில் உள்ளவர்களுக்கு ஒன்று நினைவு இருக்கும். பெட்ரோல் பங்கில் பெட்ரோல் போடும்போதே, எண்ணெயும் அளந்து ஊற்றச் சொல்வார்கள்.

அது ஏன்? கார் என்ஜினில் எண்ணெய் கீழே ஒரு தொட்டியில் கிடக்கும். பம்ப் அதை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்த டூ ஸ்ட்ரோக் என்ஜினில் அந்த ஏற்பாடு இல்லை. பெட்ரோலும் காற்றும் கலந்த புகை, முதலில் கிராங்க் இருக்கும் அறைக்குள் போகிறது. பிறகு பக்கவாட்டு வழிகளில் ஏறி, பிஸ்டனுக்கு மேலே வந்து எரிகிறது. போகிற வழியில் கிராங்க், பேரிங், பிஸ்டன் எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசுவது அந்தப் புகைதான்.

1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியில் எண்ணெய்க்குத் தனி டாங்க் உண்டே என்று கேட்பீர்கள். உண்மைதான். அதிலும் ஒரு சிறு பம்ப், எண்ணெயை அந்தப் புகையில்தான் கலந்துவிட்டது.

சேற்றுப் பந்தயத்துக்கென்று யமஹா கம்பெனி செய்யும் ஒய்.இசட். 250 வண்டியை எடுத்துக்கொள்வோம். 249 சி.சி. என்ஜின். இதற்கு 30 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் கலக்கவேண்டும். அதாவது 3 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி லிட்டர் எண்ணெய். கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக ஊற்றக்கூடாது. அளவுக் குவளை வேண்டும். கேனில் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, அதன் பிறகே டாங்கில் விடவேண்டும்.

"எண்ணெய் நல்லதுதானே, இன்னும் கொஞ்சம் ஊற்றினால் என்ன?" என்று சிலர் நினைப்பார்கள். எண்ணெய் கூடினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். பிளக்கிலும் கரி பிடிக்கும்.

ஊசித் துளையில் இருக்கிறது உயிர்

காற்றில் எவ்வளவு பெட்ரோலைக் கலப்பது என்பதைக் கார்புரேட்டர் தீர்மானிக்கிறது. அதற்குள் பித்தளையில் செய்த குட்டிக் குட்டித் துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசித் துளை. இவற்றுக்கு "ஜெட்" என்று பெயர். மெயின் ஜெட்டில் பெரிய எண் போட்டிருந்தால் பெரிய துளை. அதிகப் பெட்ரோல் வரும்.

ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திருகும்போது வேலை செய்வது பைலட் ஜெட். நடுவில் வேலை செய்வது நீண்ட ஊசி ஒன்று. முழுக்கத் திருகினால் மெயின் ஜெட். ஆகவே வண்டி எப்போது தகராறு செய்கிறது என்று கவனித்தாலே, எதை மாற்றவேண்டும் என்பது தெரிந்துவிடும். ஊசியின் தலையில் வரிசையாகக் கோடுகள் இருக்கும். ஒன்றில் ஒரு கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு கோடு கீழே இறக்கி மாட்டினால் ஊசி மேலே எழும்பும், பெட்ரோல் கூடும்.

பெட்ரோல் கூடிவிட்டால் என்ன? வண்டி திக்கித் திணறும். பிளக் கறுத்து நனைந்துபோகும். சைலன்சர் நுனியில் கறுப்பு எண்ணெய் சொட்டும். பார்க்க அசிங்கம், அவ்வளவுதான்! ஒரு பிளக் போகும்.

பெட்ரோல் குறைந்துவிட்டாலோ, பெரிய ஆபத்து! என்ஜின் கொதிக்கும். பெட்ரோலோடு வரும் எண்ணெயும் குறைந்துபோகும். அலுமினியப் பிஸ்டன் சூட்டில் வீங்கும். எண்ணெய்ப் படலம் அறுந்ததும் அது சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. பெட்ரோல் சற்றே குறையும்போது வண்டி இன்னும் சுறுசுறுப்பாக ஓடுவதுபோல் தோன்றும். "ஆகா, நன்றாக டியூன் செய்துவிட்டோம்" என்று ஓட்டுகிறவர் மகிழ்ந்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில் என்ஜின் வெந்துகொண்டிருக்கும்! ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் என்ஜின் உடனே அடங்காமல் இரைந்துகொண்டிருந்தால், அதுவே முதல் எச்சரிக்கை.

குளிரில்தான் ஆபத்து

வெயில் காலத்தில்தான் என்ஜின் சீஸ் ஆகும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பகல் வெயிலில் டியூன் செய்த வண்டியை விடியற்காலைக் குளிரில் ஓட்டுவதுதான் ஆபத்து. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே துளை வழியாக அதிகக் காற்று போகும். ஜெட்டோ பழைய ஜெட்! பெட்ரோல் போதாது. ஆகவே குளிருக்குப் பெரிய ஜெட் போடுவார்கள்.

மலை மேல் காற்று லேசானது. அங்கே சிறிய ஜெட் போதும். அமெரிக்காவில் டென்வர் நகருக்கு அருகில் உள்ள தண்டர் வேலி பந்தயத் திடல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே ஓட்டிய ஜெட்டோடு கடற்கரை ஊருக்கு வந்து முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் போய்விடும். பெல்ஜியத்தில் லொம்மெல் என்ற ஊரில் ஆழமான மணலில் பந்தயம் நடக்கும். மணலில் என்ஜின் ஓயாமல் முக்கவேண்டும். அங்கும் பெரிய ஜெட்தான்.

ஆஸ்திரியாவின் கே.டி.எம். கம்பெனி 2017-ம் ஆண்டில், இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்ட டூ ஸ்ட்ரோக் வண்டிகளைக் கொண்டுவந்தது. அவற்றில் ஜெட் மாற்றும் தொல்லை இல்லை.

நீண்ட சரிவில் இறங்கும்போதும் கவனம் தேவை. ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு, கியரிலேயே இறங்குகிறோம். சக்கரம் என்ஜினை வேகமாகச் சுழற்றுகிறது. பெட்ரோல் வரவில்லை, அதனால் எண்ணெயும் வரவில்லை! அடிக்கடி ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிவிடவேண்டும். அல்லது கிளட்சைப் பிடிக்கவேண்டும்.

கடற்பஞ்சும் தூசியும்

சமயத்தில் ஜெட் சரியாக இருந்தும் என்ஜின் கொதிக்கும். அப்போது காற்று எங்கோ திருட்டு வழியில் நுழைகிறது என்று அர்த்தம். கார்புரேட்டரின் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கலாம். கிராங்கின் இடது பக்க ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம். வலது பக்க சீல் தேய்ந்தால் கதை வேறு: கியர் பெட்டி எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டு, வெள்ளைப் புகை கிளம்பும்.

தூசி இன்னொரு எமன். கார்புரேட்டருக்கு முன்னால் கடற்பஞ்சு மாதிரி ஒரு வடிகட்டி இருக்கிறது. ஏர் பில்டர் என்பார்கள். புழுதியில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் அதைக் கழுவவேண்டும். பெட்ரோலில் கழுவக் கூடாது. தீப்பிடிக்கும், பஞ்சும் கெடும். சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயவைத்து, அதற்கென்று உள்ள எண்ணெயைப் பூசி மாட்டவேண்டும். ஓரத்தில் கிரீஸ் தடவினால் இடுக்கு வழியாகத் தூசி போகாது.

வடிகட்டியைத் தாண்டிய தூசி நேராகக் கிராங்க் பேரிங்குக்குப் போகும் என்பதை மறக்கக்கூடாது. பந்தயம் முடிந்த களைப்பில் இந்த அரை மணி நேர வேலையைத் தள்ளிப்போடுகிறவருக்கு, என்னைக் கேட்டால், வண்டியே கொடுக்கக்கூடாது!

தகரக் குழாயின் கதை

இந்த வண்டியின் சைலன்சர் குழாய் நடுவில் வயிறு பெருத்து இருக்கும். அழகுக்காக அல்ல. புகை வெளியேறும்போது எழும் அழுத்த அலை, அந்த வயிற்றின் மறுமுனையில் மோதித் திரும்பும். தப்பி ஓடப் பார்த்த புதுப் பெட்ரோல் கலவையை அது மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். கல்லில் மோதிக் குழாய் நசுங்கினால், வேகமும் குறைந்துவிடும்.

இந்தக் குழாயை வைத்து வித்தை காட்டியவர், கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனி என்ஜினீயர் வால்டர் காடன். 1961-ம் ஆண்டில் அவருடைய 125 சி.சி. என்ஜின் 25 குதிரை சக்தியைத் தந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், அவருடைய முதன்மையான பந்தய வீரர் எர்னஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது நாட்டைவிட்டே ஓடிவிட்டார்! மனைவியும் பிள்ளைகளும் காருக்குள் ஒளிந்து எல்லையைக் கடந்தார்கள். டெக்னர் ஜப்பானின் சுசுகி கம்பெனியில் சேர்ந்தார். 1962-ம் ஆண்டு 50 சி.சி. உலகப் பட்டத்தை சுசுகிக்கு வாங்கித் தந்தார். 1970-ல் மோட்டோ கிராஸ் 250 சி.சி. பட்டமும் சுசுகிக்கே கிடைத்தது. ஓட்டியவர் பெல்ஜியத்தின் ஜோயல் ராபர்ட்.

ஒரு மாலைப் பொழுது போதும்

பிஸ்டனும் ரிங்கும் தேயும் பண்டங்கள். பந்தய வண்டியில் சில பந்தயங்களுக்கு ஒரு முறை மாற்றிவிடுவார்கள். இதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டாம். ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றினால் பிஸ்டன் கைக்கு வந்துவிடும். வால்வுகள் இல்லை. கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

கழற்றும் முன்பு கிராங்க் அறையின் வாயைச் சுத்தமான துணியால் அடைக்கவேண்டும். பிஸ்டன் ஊசியைப் பிடித்திருக்கும் கம்பி வளையம் மோதிரத்தை விடச் சிறியது. அது உள்ளே விழுந்தால் என்ஜின் முழுவதையும் பிரிக்கவேண்டி வரும்! அந்த வளையத்தைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது, புதிதுதான் போடவேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி, புகை போகும் பக்கத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

புதுப் பிஸ்டன் போட்டதும் உடனே முறுக்கிவிடக்கூடாது. பிஸ்டன் சீக்கிரம் சூடாகும். தண்ணீர் சூழ்ந்த சிலிண்டர் மெதுவாகத்தான் சூடாகும். முதல் முறை சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, கையால் தொடும் அளவுக்கு ஆறவிடுவார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. அதன் பிறகு ஹெட் நட்டுகளை ஒரு முறை சரிபார்த்துவிட்டு, வண்டியை மண்ணில் இறக்குவார்கள்.