மலைநாட்டிற் பருத்தி ஆசன விரிப்பு: தெரிவும் பேணலும்

நுவரெலியா, அற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் யோகாசனம் பழக விரும்புவோர்க்கு முதலில் இடையூறாவது தரையே. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா நகரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ் ஆகும். லயத்துச் சீமெந்துத் தரை பகலிலுங் குளிர்ந்தே கிடக்கும். நாள் முழுதுஞ் சரிவில் நின்று கொழுந்து பறித்த உடலை அத்தரையிற் கிடத்தி இளைப்பாறுதல் இயலாது. விரிப்பொன்று இன்றியமையாதது. கடைகளில் எளிதிற் கிடைப்பது பிளாஸ்திக்கு விரிப்பு. அதற்குப் பதிலாகக் கையால் நெய்த பருத்தி விரிப்பைக் கொள்வது நன்றா, கொண்டால் ஈரமிக்க இம்மலைகளில் அதனைக் காப்பது எங்ஙனம் என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

இருவகை விரிப்புகள்

பருத்தி விரிப்பில் ஆசனம் பழகுதல் புதிய வழக்கமன்று. மைசூரில் வளர்ந்த யோகப் பயிற்சி மரபிற் கைத்தறிப் பருத்தி விரிப்பு இன்றும் வழங்குகின்றது. வழுக்காத விரிப்போ 1980ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவிலே தோன்றியது. தரைக்கம்பளம் நகராதிருக்க அதன் அடியில் இடும் பொருளை வெட்டி ஆசனத்திற்குப் பயன்படுத்தினர். பின்னர் அது பொலிவினைல் குளோரைட்டு எனும் பிளாஸ்திக்கில் ஆக்கப்பெற்று உலகெங்கும் பரவியது.

இப்பிளாஸ்திக்கு மண்ணில் உக்குவதில்லை. எரித்தால் ஐதரசன் குளோரைட்டு எனும் அமில வாயுவும் தயொட்சின் எனும் நச்சுப் பொருளும் உண்டாகும். குப்பை வண்டி ஒழுங்காக வராத தோட்டத்திற் பழைய விரிப்பு ஒன்றில் அடுப்பங்கரையில் எரியும். அன்றேல் கானில் விழும். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் களனி கங்கைக்கும், கொத்மலை ஓயா மகாவலி கங்கைக்கும் நீர் தருவன. மலையிற் கானில் எறிந்தது தாழ்நிலத்தார் குடிநீரை நோக்கியே செல்லும்.

பருத்திக்குச் செலவாகும் நீர்

எனினும், பருத்தி என்ற பெயரொன்றே ஒரு பொருளை நல்லதாக்கிவிடாது. பருத்திச் செடிக்கு வெப்பமும், காய் வெடிக்குங் காலத்தில் வறட்சியும் வேண்டும். ஆகையால் அது தேயிலை மலைகளில் விளைவதில்லை. இலங்கையில் அம்பாந்தோட்டை போன்ற உலர்வலயப் பகுதிகளுக்கே உரியது. நம் கைத்தறிகள் பெரும்பாலும் இறக்குமதி நூலையே நம்பியுள்ளன.

ஒரு கிலோகிராம் பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாக ஏறக்குறைய 10,000 லீற்றர் நீர் செலவாகின்றதெனக் கணக்கிட்டுள்ளனர். 1960ஆம் ஆண்டுகளிலிருந்து மத்திய ஆசியாவின் ஏரல் கடல் வற்றிச் சுருங்கியதற்கு, பருத்தி வயல்களுக்காக அதன் ஆறுகளைத் திருப்பியது முதன்மைக் காரணமாகும். 2 கிலோகிராம் நிறையுள்ள விரிப்பொன்று 20,000 லீற்றர் நீரின் பயனைத் தன்னகத்தே கொண்டது. அது பத்தாண்டு உழைத்தால் ஆண்டொன்றுக்கு 2,000 லீற்றர் என்றாகும். ஒரே மழைக்காலத்திற் பூஞ்சணம் பிடித்து வீசப்பட்டால் அவ்வளவும் வீணே. எனவே, விரிப்பின் நன்மை அதன் ஆயுளிலேயே தங்கியுள்ளது.

நல்ல விரிப்பை அறிதல்

தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்துப் பவானியில் நெய்யப்படும் ஜமக்காளம் நீடித்துழைக்கும் பருத்தி விரிப்புக்குச் சிறந்த சான்றாகும். தடித்த நூலை நெருக்கி அடித்துக் குழித்தறியில் நெய்யும் இதற்கு 2005ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. 1985ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமொன்று ஜமக்காள நெசவைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. அவ்வாறிருந்தும் விசைத்தறிப் போலிகள் சந்தைக்கு வருகின்றன. ஆதலின் வாங்குவோர் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்.

1. ஓரத்திலிருந்து ஒரு நூலை எடுத்து எரித்துப் பார்க்கவும். பருத்தி காகிதம்போல் எரிந்து மென்சாம்பலாகும். செயற்கை நூல் உருகிக் கட்டியாகும்.

2. ஒளிக்கு நேரே பிடித்துப் பார்க்கவும். நெசவு நெருக்கமாயின் ஒளி ஊடுருவாது.

3. வெளிற்றாத, சாயமிடாத இயற்கை நிறமே சிறந்தது. சாயமிட்டதாயின் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்து, நிறம் கழல்கின்றதா எனச் சோதிக்கவும்.

4. முதற் சலவையிற் பருத்தி சற்றுச் சுருங்கும். ஆகவே, படுத்தால் தலையும் காலும் அடங்கும் அளவினும் ஒரு சாண் கூடுதலாகக் கொள்க.

ஈரமும் பூஞ்சணமும்

ஈரமே மலைநாட்டிற் பருத்தியின் பகை. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதமாயிருக்கும்போதே பருத்தி தன் உலர் நிறையில் ஏறக்குறைய 8.5 சதவீத நீரைக் காற்றிலிருந்து ஏற்கும். 2 கிலோகிராம் விரிப்பில் இஃது 170 கிராம் ஆகும். மே முதல் செப்தெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது ஈரப்பதன் இதனினும் மிகும். ஐக்கிய நாடுகள் சபை 2014ஆம் ஆண்டில் அறிவித்த யோகா நாளான யூன் 21, மேற்கு மலைகளில் இம்மழையின் நடுவிலேயே வருகின்றது. அந்நாளையொட்டிப் புது விரிப்பு வாங்குவோர் அதனை உலர்த்தும் இடத்தையும் முன்னரே ஆயத்தஞ் செய்தல் வேண்டும்.

பாவு நூலுக்கு இட்ட கஞ்சி பூஞ்சணத்திற்கு உணவாகும். ஆதலாற் புது விரிப்பை ஓரிரவு குளிர்நீரில் ஊறவைத்து நன்கு அலசிய பின்னரே பயன்படுத்துக. ஈரத்திற் பருத்தி நூலின் வலிமை குறையாது, கூடும். ஆகவே அலசுவதால் நெசவு கெடாது.

உலர்த்தும் முறையைத் தேயிலைத் தொழிற்சாலையிற் கண்டுகொள்ளலாம். வாட்டும் தளத்திற் கொழுந்தை மெல்லிதாகப் பரப்பி, கீழிருந்து காற்றைச் செலுத்துகின்றனர். கொழுந்தின் நீரை அங்கு வாங்குவது ஓடுங் காற்றாகும். விரிப்புக்கும் இதுவே விதி. கூரையின் கீழ் மூங்கிற் கழியொன்றைக் கட்டி, இருபுறமுங் காற்றுப்படத் தொங்கவிடுக. அடுப்புக்கு நேர்மேலே தொங்கவிட்டாற் புகையும் கரியும் படியும். பயிற்சி முடிந்தவுடன் சுருட்டி மூலையில் வைத்தல் பூஞ்சணத்தை அழைப்பதற்கு ஒப்பாகும். முழுச் சலவையைச் சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள வெயில் நாட்களுக்கு வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் வெயில் கண்டபோதெல்லாம் வெளியே இடுக.

வழுக்காதிருக்க

மெழுகிய சீமெந்துத் தரையிற் பருத்தி விரிப்பு வழுக்கும். நின்று செய்யும் ஆசனங்களில் இதனால் விழ நேரும். கையும் காலும் பதியும் இடங்களிற் சிறிது நீர் தெளித்தாற் பிடிப்பு உண்டாகும். விரிப்பின் அடியில் இயற்கை இறப்பர்த் துண்டுகளை இடுதல் இன்னும் நன்று. இறப்பர் நம் நாட்டிலேயே கிடைக்கின்றது. இறப்பர்ப்பால் ஒவ்வாதவர்கள் இதனைத் தவிர்க்கவும். படுத்தும் அமர்ந்தும் செய்யும் பயிற்சிக்குத் தரையில் ஒரு பன்பாயை விரித்து, அதன்மேற் பருத்தி விரிப்பை இட்டாற் குளிர் தாக்காது.

கிழிந்த பின்னர்

ஓரம் பிரிந்தால் உடனே தைத்துவிடுக. நடுவே தேய்ந்த விரிப்பு கால்மிதியாகவும் துடைதுணியாகவும் மேலுஞ் சில ஆண்டு உதவும். சாயமிடாத பருத்தியாயின் இறுதியிற் சிறு துண்டுகளாக வெட்டிக் கூட்டெருக் குழியில் இடலாம். அங்கு அது உக்கி, லயத்தோரத்துக் கரட், லீக்ஸ் பாத்திக்கு எருவாகும். உலர்த்த இடமும், காக்கும் பழக்கமும் உள்ள வீட்டிற்குக் கைத்தறிப் பருத்தி விரிப்பு ஏற்றது. அவையில்லா வீட்டில் முதலிற் கட்ட வேண்டியது மூங்கிற் கழியே. விரிப்பை அதன்பின் வாங்கலாம்.