வலை கனத்தால் மீன்தானா?

பாக் விரிகுடாவில் இரவு வலை விட்டுக் காத்திருப்பவர்களுக்கு முதலில் சேதி சொல்வது காதுதான். மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, கோட்டைப்பட்டினம் என்று தஞ்சை, புதுக்கோட்டைக் கரையிலிருந்து கிளம்பும் வல்லங்களில் பல, இருட்டிய பிறகே வலையை இறக்குகின்றன. நிலா காய்ந்தால் மீன் வலையைப் பார்த்து விலகிவிடும். அமாவாசையை ஒட்டிய நாட்களில் பாடு தேவலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு நீரோட்டத்தோடு மிதக்கும் அந்த நேரத்தில், சுற்றுவட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ‘புஸ்’ என்று சட்டென வந்து, சற்றுத் தள்ளி மறுபடி கேட்டால் அது ஓங்கல், அதாவது டால்பின். தணிந்த பெருமூச்சு ஒன்று வந்துவிட்டு, அப்புறம் மூன்று நான்கு நிமிடம் ஒரு சத்தமும் இல்லையென்றால், கீழே கடற்பசு மேய்ந்துகொண்டிருக்கலாம்.

மேய்வது என்பது வெறும் அலங்காரப் பேச்சில்லை. பாக் விரிகுடாவில் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. வெயில் தரைவரை இறங்குவதால் அடியில் கடற்புல் படுகை படுகையாக வளர்கிறது. கரையில் அதைத் தாழை என்பார்கள். நன்கு வளர்ந்த கடற்பசு ஒரு நாளில் முப்பது, நாற்பது கிலோ புல்லைத் தின்னும். ஆவுளியா என்று கடலோரத்தில் அழைக்கப்படும் இந்தப் பிராணி மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோ எடையும்கூட வரக்கூடியது. உறவு முறையில் யானைக்கு நெருக்கம். ஆள் நடமாட்டமும் படகுச் சத்தமும் மிகுந்த இடங்களில் இது பகலில் ஒதுங்கியிருந்து, இருட்டிய பின் கரையோரப் புல்லுக்கு வருவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. புல் இருக்கும் இடத்தில்தான் நண்டும் இறாலும் மீன்குஞ்சும் இருக்கும். ஆகவே வலையும் அங்கேயே விழும். இரவில் நடக்கும் இந்தச் சந்திப்புகளை எதிர்பாராதவை என்று சொல்கிறோம். ஒரே தரைக்கு, ஒரே நேரத்துக்கு இரண்டு தரப்பும் வந்தால் சந்திக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எல்லாச் சந்திப்பும் ஒரே மாதிரி முடிவதில்லை. இந்தக் கரைக்கு வெகுதொலைவில், ஹவாயின் கவாய் தீவில் ஹனமௌலு விரிகுடா இருக்கிறது. 1977-இல் அங்கே தந்தையோடு இரவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுவன் இறந்துபோனான். கொன்றது சுறா இல்லை. தண்ணீரிலிருந்து பாய்ந்த, ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசிமூக்கு மீன். நம்மூர் முரல் வகையறாவின் உறவுக்காரன்தான் அது. இந்த இன மீன்கள் மேல்தண்ணீரில் திரிபவை. இருட்டில் திடீரென வெளிச்சம் பட்டால் மிரண்டு, அம்பு வேகத்தில் நீருக்கு மேலே பாயும். அந்த நேரம் எதிரே முகம் இருந்தால் முகத்தில்தான் குத்தும். நெற்றியில் கட்டும் எல்.இ.டி. விளக்குகள் மலிவாகக் கிடைக்கும் காலம் இது. வேலைக்கு அவை வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் முரல் கூட்டம் ஓடும் தண்ணீரில் “மச்சான், லைட்ட அமத்து” என்று அணியத்தில் இருப்பவர் குரல் கொடுத்தால், காரணம் கேட்காமல் அமத்துவது நல்லது.

பாம்பு விஷயம் வேறு. அது பாய்வதில்லை, வலையோடு வருகிறது. கடல்பாம்பு மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய பிராணி. வலையில் சிக்கி நெடுநேரம் கிடந்தால் செத்துவிடும். சாகாதது படகுக்குள் விழும். இந்தக் கரைகளில் வலைக்கு அடிக்கடி வரும் அலகுமூக்குக் கடல்பாம்புக்கு வலைகடியன் என்று பெயர். சோழமண்டலக் கரையின் இந்தப் பெயர் ஆங்கில விலங்கியல் நூல்களிலும் ஏறிவிட்டது. தட்டையான வாலும் அடித்தாடை நுனியில் மேல்மூக்கு வளைந்து இறங்கிய முகமும் அடையாளம். மேட்டில் போட்டால் ஊர முடியாமல் சுருண்டு நெளியும். அதைப் பார்த்து ‘இது சும்மா’ என்று வாலைப் பிடித்து வீசுகிறவர்கள் உண்டு. அந்தத் துணிச்சலை நான் பாராட்ட மாட்டேன். கடித்தால் பல சமயம் வலியே தெரியாது. அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் உடம்பு முழுக்கத் தசை வலிக்கும், தாடை இறுகும், சிறுநீர் கறுத்துப் போகும். சிறுநீரகம் பழுதாகும் அறிகுறி அது. நம் மருத்துவமனைகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. கடல்பாம்பின் விஷத்துக்கென்று தயாரிக்கப்பட்டதில்லை. கடிபட்டவரை அசையாமல் படுக்கவைத்து, செயற்கைச் சுவாசமும் டயாலிசிஸும் உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வழி. நான்கு கடல் மைல் தள்ளி, நள்ளிரவில், அதற்கு முதலில் கரை சேர வேண்டும்.

திருக்கையின் வால் முள், இருங்கெழுத்தியின் செவுள் பக்க முள் இரண்டும் இருட்டில் கைக்கு வரும் அன்றாடத் தொல்லைகள். பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கையை முக்கிவைக்கும் பழைய வைத்தியத்தை மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. அந்த விஷத்தின் புரதம் சூட்டில் சிதையும். பேத்தை வந்தால் அது பாட்டுக்கு ஊதிக்கொண்டு பல்லைக் கடித்துக் கறகறக்கும். அதன் பல்லுக்குத் தூண்டில் நரம்பு ஒரு பொருட்டே இல்லை.

சில இரவுகளில் இருட்டே உதவி செய்கிறது. நாக்டிலூகா என்ற நுண்ணுயிரி பெருகிய தண்ணீரில் எது அசைந்தாலும் அந்த இடம் நீலமாக எரியும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் அலை நீலமாக ஒளிர்ந்து, ஊரே போய்ப் பார்த்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் வலைக்கண்கள் கோடு கோடாகத் தெரியும். அடியில் ஓங்கல் போனால் உருவம் முழுக்க ஒளிக்கோடாகப் போகும். பார்க்க அழகுதான். பாடு என்று பார்த்தால் வீண். வலை இருப்பது மீனுக்கும் தெரிந்துவிடுகிறதே! இந்த உயிரி அளவுக்கு மீறிப் பெருகினால் தண்ணீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் சாகவும் செய்யும்.

ஆமைக்கு வருவோம். பங்குனியாமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலையாமை, தோணியாமை என்று நம் கடலுக்கு வரும் ஐந்து வகையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. வலையில் மாட்டிய ஆமை அசைவில்லாமல் மேலே வந்தால், செத்துவிட்டது என்று கடலில் தள்ளிவிடுவது வழக்கம். அங்கேதான் பல ஆமைகள் உண்மையிலேயே சாகின்றன. மயங்கிய ஆமையின் நுரையீரலில் தண்ணீர் இருக்கும். அப்படியே தள்ளினால் மூழ்கிவிடும். வயிறு தரையில் படும்படி கிடத்தி, பின்பக்கம் தலையைவிட அரை அடி உயரமாக இருக்கும்படி ஒரு கட்டையையோ சுருட்டிய கயிற்றையோ அடியில் கொடுக்க வேண்டும். ஈரச் சாக்கைப் போர்த்தி நிழலில் விட வேண்டும். தண்ணீர் வாய் வழியே மெல்ல வடியும். நான்கு மணி நேரத்திலும் எழலாம், ஒரு நாளும் ஆகலாம். கண்ணோரத்தையோ வாலையோ லேசாகத் தொட்டால் சிலிர்த்துக்கொள்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். 2025-இன் தொடக்க வாரங்களில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனியாமைகள் செத்து ஒதுங்கின. அதில் பெரும்பழி இழுவலைக்குத்தான் போனது. மணிக்கணக்காகத் தரையைத் தடவிப் போகும் அந்த வலைக்குள் மாட்டிய ஆமைக்கு, மூச்சுக்கு மேலே வர வழியே கிடையாது.

மன்னார் வளைகுடாப் பக்கம், 2016 ஜனவரி 11 மாலையிலிருந்து மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலைக் கரைகளில் ஒதுங்கியவை இன்னும் பெரியவை. எண்பதுக்கு மேற்பட்ட குறுந்துடுப்புத் திமிங்கலங்கள். மீனவர்கள் கயிறு கட்டிப் படகால் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பிக் கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம் அது. ஒன்று கரையில் கிடந்து குரல் கொடுத்தால் மற்றவை போகாது. 1973 ஜனவரியில் அதே கரையில் 147 ஒதுங்கியிருந்தன. நாற்பத்து மூன்று ஆண்டு இடைவெளியில் அதே மாதம், அதே கரை. சரிவு குறைந்த மணல் தரையில் எதிரொலி கேட்டு வழி பார்க்கும் பிராணிகள் தடுமாறும் என்பது ஒரு விளக்கம். முடிந்த முடிவாக யாரும் சொல்லவில்லை. இழுத்துப் போய் விட்டதைத் திரும்பி வரக் கண்டும் மறுபடி இழுத்தார்களே, அந்தக் கரைக்காரர்களின் டீசல் கணக்கை யாராவது எழுதி வைத்தார்களா தெரியாது.

கணக்கு என்று ஆரம்பித்தாயிற்று, கடற்பசுவோடு முடிப்போம். நடு இரவில் வலை கனக்கிறது. மிதப்புகள் அடியில் போய் மேலே வருகின்றன. பெரிய மீன் என்று இழுத்தால், வழுவழுப்பான சாம்பல் முதுகும் இரட்டை மடல் வாலும் வலையைச் சுருட்டிக்கொண்டு புரள்கின்றன. முன்துடுப்பில் நைலான் இறுகியிருக்கும். மூக்கு நீருக்கு மேல் வராவிட்டால் சில நிமிடங்களில் கதை முடிந்தது. நின்று நிதானித்து அவிழ்க்க நேரமில்லை. கத்தியை எடுத்து அறுக்க வேண்டும், அதுவும் மூக்கிருக்கும் பக்கத்திலிருந்து. போவது வலை மட்டுமில்லை. இங்கே பாக் விரிகுடாவில் கடல் திங்கள், புதன், சனி விசைப்படகுகளுக்கு. மற்ற நான்கு நாள்தான் நாட்டுப்படகுக்கு. வலை கிழிந்தால் அந்த வாரமே போய்விடும்.

முன்பு இன்னொரு பயமும் சேர்ந்திருந்தது. கடற்பசு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. தெரியாமல் மாட்டியதைக்கூடச் சொன்னால் வழக்கு வருமோ என்று, செத்ததை ஓசைப்படாமல் ஆழத்தில் அமிழ்த்திவிட்டு வந்தவர்கள் உண்டு. பயமுறுத்திக் காப்பாற்ற நினைத்தால் கிடைப்பது மௌனம்தான். 2016-க்குப் பிறகு டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் கடற்பசு மீட்புத் திட்டமும் தமிழ்நாடு வனத்துறையும் வேறு வழிக்கு வந்தன. உயிரோடு விட்டவர்களுக்குப் பாராட்டும் பணமும், தகவல் தரும் மீனவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கிடைக்கத் தொடங்கின. 2022 செப்டம்பர் 21 அன்று 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகம் இங்கே அறிவிக்கப்பட்டது. வலையை அறுத்து விட்டதாக இக்கரையிலிருந்து வரும் செய்திகள் இப்போது புதிதில்லை.

ஆனாலும் சாட்சி பெரும்பாலும் செல்போன் காணொளிதான். பாலித்தீன் பையில் சுற்றிய போனை எடுத்து, ஒருவர் விளக்குப் பிடித்து, இன்னொருவர் படம் பிடிக்கும்வரை பிராணி வலையில் கிடக்கும்படி ஆகிவிடக் கூடாது. அறுந்த வலையையே சாட்சியாக ஏற்றுக்கொள்ளலாம். பணமும் அடுத்த பாட்டுக்கு முன் கைக்கு வரலாம். பதின்மூன்று, பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு கன்று ஈன்று, அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு எடுத்துக்கொள்ளும் பிராணி இது. இந்தியக் கடலில் மிச்சம் சில நூறுதான் என்கிறார்கள். அதில் ஒன்றின் விலை ஒரு வலையின் விலை என்றால் அரசுக்கு அது மலிவான வியாபாரம்.

பாதுகாப்பகத்தில் நாட்டுப்படகுத் தொழிலுக்குத் தடையில்லை. மேய்ச்சல் தரையை உழுதுபோடுவதும் இவர்களின் வல்லங்கள் இல்லை. கரையை ஒட்டிய தண்ணீர் நாட்டுப்படகுக்கு, விசைப்படகு அதற்கு வெளியே என்ற ஏற்பாடு 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. இருட்டில் எல்லைக்குள் வந்து தாழையோடு வாரிக்கொண்டு போகும் இழுவலைப் படகுகளை, மிதக்கும் வல்லத்திலிருந்து இன்ஜின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். ரோந்துப் படகுதான் அந்த நேரத்தில் அங்கே இருப்பதில்லை.