உஷார்! தின்னர் வாடை அடிக்கும் வீட்டில் விளக்கேற்றாதீர்கள்

வீட்டில் அலமாரிக்கு மைக்கா ஒட்டுகிறார்களா? அப்படியானால் இன்று சாயங்காலம் சாமி விளக்கு வேண்டாம். கொசுவத்தி வேண்டாம். அடுப்பு பற்றவைத்து ஆசாரிக்கு டீ போட்டுக் கொடுக்கவும் வேண்டாம், கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

சிலிண்டர் கசிந்தால் ஸ்விட்சைத் தொடக்கூடாது, ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அதே வீட்டில் தின்னர் டப்பா திறந்திருந்தால் ‘பெயிண்ட் வாடை’ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். அதுவும் காஸ் மாதிரியே பற்றும் ஆவிதான்.

மைக்கா ஒட்டும் ரப்பர் பசையைத் தடவியதும், கையில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிடுவார்கள். பசையை விட்டுப் போன கரைப்பான் முழுக்க அந்த அறைக்குள்தான் சுற்றுகிறது. பசையிலும் தின்னரிலும் பரவலாகச் சேரும் டொலுயீனையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் அதன் ஆவி சுமார் 1.2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஒரு லிட்டர் டொலுயீன் சுமார் 230 லிட்டர் ஆவியாக விரியும். 8 அடிக்கு 8 அடி, 10 அடி உயரச் சமையலறையை மூடிவைத்தால் அந்த ஒரு லிட்டரே போதும்! அதுவும் காற்றைவிட மூன்று மடங்கு கனமான ஆவி. தரையோடு பரவி, கதவிடுக்கு வழியே பூஜையறைக்கும் போகும். முகத்தருகே லேசான வாடைதான் என்றாலும் கணுக்காலருகே அளவு கூடியிருக்கலாம். ஃப்ரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போது எழும் பொறி அந்த உயரத்தில்தான்.

“இருபது வருஷமா செய்றேன் சார், ஒண்ணும் ஆனதில்ல” என்பார் ஆசாரி. உண்மையாகவே இருக்கும். ஆனால், அவர் பெரும்பாலும் வேலை செய்தது ஜன்னல் கண்ணாடிகூட மாட்டாத புது வீடுகளில். நீங்களோ தூசி வருகிறதென்று எல்லாவற்றையும் சாத்திவைத்திருக்கிறீர்கள்.

தரையில் சிந்திய பெயிண்டைத் துடைக்க பைக்கிலிருந்து பெட்ரோல் பிடித்து வருவது இதைவிட மோசம். மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே பற்றுமளவு ஆவியாகும் சரக்கு அது. நம் ஊர் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம்.

டப்பாவைத் திறக்கும் முன்பே ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணையுங்கள், சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை நம்பாதீர்கள், ஆவி அதன் மோட்டார் வழியாகத்தான் வெளியேறும். வாடை ஏற்கெனவே தூக்கலாக இருந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அதை இறக்கிவிட்டு, எல்லோரும் வெளியே நில்லுங்கள்.

பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோலும் தின்னரும் தண்ணீர்மேல் மிதந்துகொண்டே எரிந்து பரவும். டப்பாவளவு தீ என்றால் மணலைக் கொட்டலாம். அதற்கு மேல் என்றால் வெளியே ஓடி வந்து 101-ஐ அழையுங்கள்.