தோல் ஒவ்வாமையும் ஒட்டுச் சோதனையும்

எனது பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் ஈராண்டுகளாகக் கைகளில் அரிப்பும் வெடிப்பும் கண்டு அல்லலுற்றார். வேலையில்லாத நாட்களில் நோய் சற்றே தணியும். கலவையில் கை வைத்ததும் மீண்டும் மூளும். மருந்துக் கடையில் தாமே வாங்கிய களிம்பைப் பூசிப் பார்த்தார், பயனில்லை. நாளடைவில் அயலார் அவரைத் தொடவும் அஞ்சினர். வீட்டிலும் அவருக்கெனத் தட்டும் குவளையும் தனியே வைக்கப்பட்டன. இதனை அவர் என்னிடம் கூறியபோது, நோயைவிட அந்த ஒதுக்கமே அவரை மிகுதியாக வருத்தியது எனக் கண்டேன்.

அன்பு வாசகர்களே, முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்வோம். ஒவ்வாமையால் உண்டாகும் தோல் அழற்சி தொற்று நோயன்று. தொடுவதாலோ, உடன் உண்பதாலோ அது பிறர்க்குப் பரவாது. நம் தோலில் படும் ஏதோ ஒரு பொருளை உடலின் காவல் ஆற்றல் பகையெனக் கருதி எதிர்ப்பதால் விளைவதே இந்நோய். பலகாலம் தீங்கின்றிப் பழகிய பொருளே ஒருநாள் பகையாக மாறலாம். மேலும், அப்பொருள் பட்டவுடனே அன்றி, ஓரிரு நாள் கழித்தே தோல் சிவந்து தடிக்கும். ஆதலால் காரணம் இன்னதென நோயாளி தாமாக உணர்வது அரிது.

அக்காரணத்தைக் கண்டறியும் வழியே ஒட்டுச் சோதனை. மருத்துவமனைகளில் இதனை ‘பேட்ச் டெஸ்ட்’ என்பர். 1895-ஆம் ஆண்டில் யோசெப் யாதஸோன் என்னும் ஜெர்மானியத் தோல் மருத்துவர், பாதரச மருந்தால் அழற்சி கண்ட நோயாளியின் தோலில் அம்மருந்தையே சிறிதளவு வைத்துப் பார்த்தார்; அங்கும் அழற்சி தோன்றியது. அன்று பிறந்த முறையே இன்றளவும் வழங்கிவருகிறது.

சோதனை நடைபெறும் விதம் எளிது. ஊசி குத்துதல் இல்லை. பட்டினி கிடக்க வேண்டியதும் இல்லை. நிக்கல், குரோமேட், ரப்பரில் சேரும் இரசாயனங்கள், தலைச்சாயப் பொருள், நறுமணப் பொருள்கள், களிம்பு மருந்துகள் போன்றவற்றைத் தக்க அளவில் நீர்க்கச் செய்து, சிறு கிண்ணங்களில் இட்டு, முதுகின் மேற்பகுதியில் ஒட்டுவர். 48 மணி நேரம் கழித்து அவற்றை அகற்றித் தோலைப் பார்ப்பர். பின்னும் ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்ப்பர். சில பொருள்களுக்கு ஏழாம் நாளிலும் பார்த்தல் வேண்டும். முதல் நாளில் ஒன்றுமில்லாத இடம் நான்காம் நாளில் சிவந்து தடிப்பதுண்டு. ஆகவே பாதியில் நிறுத்திய சோதனை, செய்யாத சோதனைக்குச் சமம் எனலாம்.

நோயாளி கவனிக்க வேண்டியவை சில உள. ஒட்டுகள் இருக்கும்வரை முதுகை நனைத்தல் ஆகாது. வியர்வை பெருகும் வேலையும் கூடாது. ஒட்டுகளை எடுத்த பின்னும், சோதனை முடியும்வரை முதுகிலிட்ட மை அடையாளங்கள் அழியாதிருத்தல் வேண்டும். அரித்தாலும் சொறியலாகாது. ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர்கள் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் கூறுக. தாமாக நிறுத்துதல் கூடாது. அரிப்புக்கு வழங்கும் சாதாரண மாத்திரைகள் பெரும்பாலும் இச்சோதனைக்குத் தடையாகா. கருவுற்ற தாய்மார்க்கு இதனைத் தள்ளிவைப்பதே வழக்கம்.

மருத்துவரிடம் செல்லுகையில், அன்றாடம் தோலில் படும் பொருள்களை, செருப்பு, ஒட்டுப் பொட்டு, தைலம், சாயம், நாட்டு மருந்து எதுவாயினும், கூச்சமின்றி எடுத்துச் செல்க. வீட்டிலேயே சிமெண்டையோ சலவைப் பொடியையோ தோலில் ஒட்டிச் சோதிக்க எவரும் துணியற்க, தோல் வெந்துவிடும். உணவு ஒவ்வாமையையும் இழுப்பையும் ஆராய்வதற்கு வேறு சோதனைகள் உள. அவை வேறு, இது வேறு.

நம் கொத்தனார் முதன்முறை சோதனைக்குச் சென்றபோது, இரண்டாம் நாள் நண்பகலிலேயே ஒட்டுகளைப் பிய்த்தெறிந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவரைக் குறை கூறுவதெங்ஙனம்? நாட்கூலி இல்லையேல் அடுப்பெரியாத வீடு அது. சில திங்கள் சென்றபின் அவருடைய மைத்துனர் ஒரு வாரச் செலவைத் தாம் ஏற்பதாகக் கூறியதனால், மீண்டும் சென்று சோதனையை முடித்தார். நான்காம் நாளில் குரோமேட் வைத்த இடம் கொப்புளங்களுடன் தடித்திருந்தது. சிமெண்டில் உள்ள பொருள் அது. ஏழாம் நாளில் நியோமைசின் என்னும் மருந்து வைத்த இடமும் சிவந்தது. அவர் ஈராண்டுகளாகப் பூசிவந்த களிம்பில் இருந்ததும் அம்மருந்தே! நோய் தீரவென்று பூசியதே நோயை வளர்த்து வந்தது.

இச்சோதனை எவரையும் குணப்படுத்துவதில்லை. விலக்க வேண்டியது இன்னதெனச் சொல்லித் தருகிறது. சோதனையில் தடித்த பொருள் யாவும் நோய்க்குக் காரணம் என்பதுமில்லை. நோயாளியின் தொழிலோடும் பழக்கத்தோடும் பொருத்திப் பார்த்தே மருத்துவர் முடிவு கூறுவார். காரணம் தெரிந்தால் ஒரு நாடே திருந்துவதும் உண்டு. சிமெண்டில் கரையும் குரோமேட் பத்து இலட்சம் பங்கில் இரண்டு பங்குக்கு மிகலாகாது என ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் விதித்துள்ளது.

கொத்தனாரின் கைகள் முற்றும் ஆறிவிடவில்லை. குரோமேட் ஒவ்வாமை எளிதில் விட்டகலாது. ஆயினும் அந்தக் களிம்பை அவர் அறவே விட்டார். ஈரக் கலவையைத் தொடாமல், அளவு பார்க்கும் பணியை மேற்கொண்டார். விலக்க வேண்டிய இரு பொருள்களின் பெயர் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்துள்ளார். எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் அதனையே காட்டுகிறார். தனித் தட்டும் தனிக் குவளையும் அவ்வீட்டில் இப்போது இல்லை.

நம் இல்லங்களிலும் இத்தகையோர் இருக்கலாம். அவர்களை ஒதுக்காது உடன் அமர்த்தி உணவளிப்போம். சோதனைக்குரிய அந்த ஒரு வாரம் அவர்களுடைய பாரத்தில் ஒரு பங்கை நாம் சுமப்போம்.