மனைவி பட்டம் வாங்கும் நாள்

பெங்களூரில் மைசூர் ரோட்டுப் பக்கம் ஞானபாரதி என்று ஓர் இடம் உண்டு. 1964-ஆம் ஆண்டு தொடங்கிய பெங்களூர்ப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. கல்லூரிப் படிப்பில் தேறியவர்களுக்குப் பல்கலைக்கழகம் விழா நடத்திப் பட்டம் கொடுக்கும். இதுதான் பட்டமளிப்பு விழா.

பட்டம் வாங்குபவர்கள் எல்லோரும் கல்யாணம் ஆகாதவர்களா? இல்லை. கைக்குழந்தை உள்ள தாய்மாரும் உண்டு. படிக்கும்போதே கல்யாணம் ஆகிவிடும். அல்லது கல்யாணத்துக்குப் பிறகு படிப்பு தொடங்கும். தினமும் கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உண்டு. 1985-ல் ஏற்பட்ட இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குப் பெங்களூரிலும் அலுவலகம் இருக்கிறது. அங்கே மூன்று வருஷப் பட்டப் படிப்பை ஆறு வருஷத்துக்குள் முடிக்கலாம். நடுவில் பிரசவம் வந்தாலும் படிப்பு வீணாகாது.

கல்லூரிக்கே போய்ப் படிப்பவர்களுக்கும் ஒரு செய்தி. கர்ப்பிணி மாணவிகளுக்குப் பிரசவ விடுப்பும், வருகைக் கணக்கில் சலுகையும் தர விதி செய்யுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியது. உங்கள் கல்லூரியில் அந்த விதி இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இது புதிய வழக்கம் இல்லை. கல்கத்தாவில் காதம்பினி என்ற பெண் இருந்தார். 1883-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். நம் நாட்டில் முதலில் பட்டம் பெற்ற இரண்டு பெண்களில் அவர் ஒருவர். அதே வருஷம் துவாரகாநாத் கங்குலியை மணந்தார். துவாரகாநாத் மனைவியை இழந்தவர். அவருக்கு முன்பே பிள்ளைகள் இருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்குள் போன பிறகுதான் காதம்பினி மருத்துவம் படித்தார். பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டுக் கணவரே போராடினார். 1886-ல் காதம்பினி டாக்டர் ஆனார். பிறகு ஒரு பத்திரிகை அவரை மிகக் கேவலமாக எழுதியது. கணவர் சும்மா இருக்கவில்லை. வழக்குப் போட்டார். பத்திரிகை ஆசிரியர் சிறைக்குப் போனார்.

கோர்ட்டுக்குப் போகும் நிலை எல்லோருக்கும் வராது. பரீட்சை சமயத்தில் காவிரித் தண்ணீர் பிடித்து வைப்பதும், குழந்தையைத் தூங்க வைப்பதும் கணவர் செய்யக்கூடியவைதான். அதைச் செய்தவருக்கு விழா நாளில் மனைவியை விடச் சந்தோஷம் இருக்கும்!

சரி, அந்த நாளை எப்படிக் கொண்டாடுவது? கடன் வாங்கி விருந்து வைக்க வேண்டாம். பட்டம் வாங்கியவருக்கு வேலை கிடைக்கும் முன்பே வட்டி கட்ட வேண்டி வரும். வீட்டில் ஒரு பாயசம் போதும். மல்லிகைப் பூ வாங்கிக் கொடுங்கள். அன்று சமையலைக் கணவர் செய்யட்டும். மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் என்றால் முதல் இனிப்பு அவருக்கு. எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுங்கள். விழாவுக்கு எத்தனை பேரை உள்ளே விடுவார்கள் என்று முன்பே விசாரியுங்கள். குழந்தை அழும்; பாலும் மாற்றுத் துணியும் பையில் இருக்கட்டும். போக முடியாவிட்டாலும் பட்டம் கைவிட்டுப் போகாது. தபாலில் பெற வழி உண்டு.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயரைப் படியுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்தும் இதிலும் அப்படியே இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்து ஆதாரில் மாற்றியிருந்தால் வேலைக்குப் போகும்போது கேள்வி வரும். திருமணப் பதிவுச் சான்றையும் கூடவே வைத்திருங்கள். சான்றிதழுக்குப் பிளாஸ்டிக் ஒட்டாதீர்கள். பின்னால் அதன் மேல் அரசு முத்திரை குத்த முடியாமல் போகும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரும்புப் பெட்டியில் வையுங்கள். சுவரில் மாட்ட ஆசையா? நகல் எடுத்து மாட்டுங்கள்.

மனைவி பட்டதாரி, கணவர் எட்டாவதோடு நின்றவர். இப்படியும் வீடுகள் உண்டு. அந்தக் கணவரும் பத்தாவது எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது ஆனவர் யாரும் பத்தாவதுக்குச் சேரலாம். அதற்கு மேல் வயது வரம்பு கிடையாது. பத்தாவதைத் தமிழிலேயே எழுதவும் வழி உண்டு. இந்தத் தடவை சொல்லிக் கொடுப்பவர் மனைவி.