லடாக்கை விட்டு இறங்குகிறவர்கள்

கோடையில் மலைக்கோட்டைப் பாறையே கொதிக்கும் திண்டுக்கல்லிலிருந்து, உத்தியோக நிமித்தமாகவோ ராணுவ சேவை நிமித்தமாகவோ லடாக்கின் லே நகருக்குச் சென்று சில வருஷங்கள் கழித்தவர்கள் நம் பக்கத்தில் உண்டு. போகும்போது என்ன கம்பளி வேண்டும், என்ன மருந்து வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். திரும்புவதற்கும் ஓர் ஆயத்தம் வேண்டும் என்பதை எவரும் சொல்வதில்லை.

லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகை வரைகூட இறங்கிவிடும். ஸ்ரீநகரிலிருந்து வரும் சாலை 3,528 மீட்டர் உயரமுள்ள ஸோஜி லா கணவாயைத் தாண்டியாக வேண்டும். பனி விழுந்தால் அது அடைபட்டுவிடும். ஆகவே மார்ச்சில் மாற்றல் வருமென்று எதிர்பார்ப்பவர், கனத்த சாமான்களை முந்தின அக்டோபரிலேயே லாரியில் ஏற்றிவிடுவது விவேகம்; விமானம் ஆளைக் கொண்டுவருமே தவிர பீரோவைக் கொண்டுவராது.

சார்ஜ் கொடுப்பதென்றால் ரிஜிஸ்டர்களில் கையெழுத்திடுவது மட்டும் என்று நினைப்பவர்கள், அங்கே அறை நடுவில் நிற்கும் புகாரி என்ற இரும்பு அடுப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். கூரையைத் துளைத்துச் செல்லும் அதன் தகரக் குழாயில் படிந்த கரியைத் தட்டி, மூட்டுகளை இறுக்கி வைக்காமற்போனால், அடுத்து வருகிறவர் உறங்கும்போதே விஷவாயு கசிந்து அவர் உயிரைக் குடித்துவிடக்கூடும். அந்தப் புதியவரோ டெலிபோனில், “சார், அங்க பால் கிடைக்குமா?” என்பார். “பால் பவுடர் இருக்கு, மொதல்ல வந்து ரெண்டு நாள் படியேறாம இருங்க” என்பதே தக்க பதில்.

பிறகு விடைபெறும் சடங்கு. ஒரு வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த வீட்டுக்குப் போகாவிட்டால் மனஸ்தாபம். இது நம் ஊரிலும் உள்ளதுதான். ஒவ்வொரு வீட்டிலும் வெண்ணெயும் உப்பும் சேர்த்த தேநீர் வரும். ஒரு வாய் குடித்த மாத்திரத்தில் கிண்ணம் மறுபடி நிரம்பும். கழுத்தில் கதக் என்னும் வெள்ளைத் துணியைச் சார்த்தி, உலர்ந்த ஆப்ரிகாட் பழங்களைப் பையில் திணிப்பார்கள். இதற்கென்று ஒரு வாரத்தையேனும் ஒதுக்காதவர் மரியாதை தெரியாதவர் என்றே நான் சொல்வேன்.

சரீரத்துக்கும் ஆயத்தம் தேவை. அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணுக்களை உடம்பு மிகுதியாக உண்டாக்கிக்கொள்கிறது. குளிருக்குப் பழகிய அந்த உடம்பு, டில்லியிலிருந்து விமானத்தில் பறந்து ஒரே நாளில் திண்டுக்கல் வெயிலில் இறங்குவதைக் காட்டிலும், நிஜாமுதீனில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி, ஏறத்தாழ இரண்டு நாள் உஷ்ணத்தைப் படிப்படியாகச் சந்தித்துக்கொண்டே வருவது நல்லது என்பது என் அபிப்பிராயம். சில வாரங்களில் ரத்தம் பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்குப்பின் லே நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால், பழகிய ஊர்தானே என்று போய் இறங்கிய அன்றே ஓடியாடக் கூடாது. புதிதாக வருகிறவரைப் போலவே இரண்டு நாளாவது படுத்துக் கிடக்க வேண்டும்.